மேட்டுக்காட்டு நிறம்

மோகனூர்
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

குணசீலன் எழுதுவது. நாலு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் பாப்பாவும் அவரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அம்மா எப்போதும்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஒன்றுமில்லை என்கிறாள்.

இதைக் கொண்டுவருகிறவர் பெயிண்டர் மயில்சாமி. சேலத்தில் வேலை எடுக்கும்போதெல்லாம் நீ வேலை பார்க்கிற பெயிண்ட் கடையில்தான் சரக்கு வாங்குவாராம். நீ அங்கே கலர் மிஷினில் இருப்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரத்தில் அப்பா என்னைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கற்பூரத்தை அணைக்கச் சொன்னார். உன்னோடு பேச மாட்டேன், போன் போட மாட்டேன், முகம் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். கடிதம் எழுத மாட்டேன் என்பது அந்தச் சத்தியத்தில் இல்லை அக்கா. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதப் போகிறார்கள். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

எனக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. பெண் எடப்பாடி, பெயர் ரஞ்சிதா, அவர்கள் வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் முகூர்த்தம். தாலி கட்டுவது மண்டபத்தில்தான். இணைச்சீரை மட்டும் நம் வீட்டு ஹாலில் வைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். அதற்குள் ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும்.

ரஞ்சிதா டெரகோட்டா நிறம் வேண்டும் என்கிறாள். போனில் நாலு படம் அனுப்பினாள், நாலும் வேறுவேறாக இருக்கிறது. ஒன்று செங்கல் சூளை, ஒன்று பூந்தொட்டி, ஒன்று காவி வேட்டி, இன்னொன்று என்னவென்றே தெரியவில்லை. நீ சொல்கிற நிறத்தை அடிப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஒரு வரி எழுதி மயில்சாமியிடம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
தம்பி குணசீலன்


சூரமங்கலம்
13.3.2025

அன்புத் தம்பி குணாவுக்கு,

மயில்சாமி அண்ணன் கவரை நீட்டியபோது ஏதோ பில் என்று நினைத்து, கல்லாவில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளர் சந்தன நிறம் கேட்டார், நான் இளம்பச்சையைக் கலந்து கொடுத்தேன். உடம்பு சரியில்லையா என்று முதலாளி கேட்டார். தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கோபம் இல்லை என்று எழுத வரவில்லை சாமி. பாப்பா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயாவது வருவாய் என்று நினைத்தேன். ஆனால் சத்தியத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து, அப்பா கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எழுதியிருக்கிறாயே, அந்தத் தைரியத்துக்காகப் பாதிக் கோபத்தைத் தள்ளுபடி செய்துவிட்டேன். இன்னொன்று. 'அவர்' என்று எழுதியிருக்கிறாய். அவருக்குப் பெயர் சந்திரசேகர், உனக்கு மாமா முறை. அப்படி எழுதினால் பேனா ஒடிந்துவிடாது.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். நாலு சுவருக்கும் டெரகோட்டா அடிக்காதே, நம் ஹால் நீளமான ஹால், குகைக்குள் நுழைகிற மாதிரி ஆகிவிடும். வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற பெரிய சுவருக்கு மட்டும் அடி. மற்ற மூன்றுக்கும் பால் ஏடு நிறம், மேல் தளத்துக்கு வெள்ளை. டியூப் லைட் வெளிச்சத்தில் இந்த நிறம் செத்துப்போகும், அதைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பு போடு. அம்மாவின் பித்தளை அண்டாவைச் சமையலறை மூலையிலிருந்து எடுத்துத் துலக்கி அந்தச் சுவரோரம் வை, எடுத்துக் காட்டும். திரைச்சீலைக்கு எடப்பாடிப் பெண்ணிடம் நாம் துணி சொல்ல வேண்டியதில்லை.

நாலு படத்தில் எதுவும் வேண்டாம், கடை அட்டையிலிருந்தும் வேண்டாம். நம் மேட்டுக்காட்டு மண் ஒரு பிடி கொடுத்து அனுப்பு. மழை பெய்து நின்றதும் அந்தக் காடு ஒரு நிறத்தில் கிடக்குமே, அதைக் கலந்து தருகிறேன்.

இணைச்சீரை வீட்டில் வைப்பது நல்லதுதான். சின்ன வயதில் அம்மாவின் பழைய சேலையைக் கூறைச்சேலையாக வைத்துக்கொண்டு நாம் இணைச்சீர் விளையாடுவோமே, நினைவிருக்கிறதா? கூடப் பிறந்தவள் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளை இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். நீ பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவாய். மேற்கொண்டு ஒன்று கேட்க வந்தேன். கேட்கவில்லை, விடு.

பிரியமுள்ள அக்கா,
நித்யா


மோகனூர்
30.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மண் அனுப்பியிருக்கிறேன். முதலில் வேப்பமரத்தடியில் அள்ளிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அப்பா வந்து பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. "அங்க சருகும் குப்பையும் கெடக்குது, கரை மேல எடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற மூன்று சுவருக்கும் நீ சொன்ன பால் ஏடு நிறம் அடித்தாகிவிட்டது. பெரிய சுவர் மட்டும் பட்டி பார்த்து மொட்டையாக நிற்கிறது. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் ஏன் இதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அம்மா அண்டாவைப் புளி போட்டுத் துலக்கிச் சுவரோரம் வைத்துவிட்டாள். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நீ கேட்காமல் விட்டது என்னவென்று எனக்குத் தெரியும் அக்கா. இணைச்சீருக்கு நீதான் உட்கார வேண்டும். உன்னை விட்டு வேறு யாரை நான் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்? சுவர் முடியட்டும். அப்பா நல்ல மனநிலையில் இருக்கும்போது பேச்சை எடுக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். பாப்பாவின் படம் ஒன்று அனுப்ப முடியுமா? முகம் பார்க்கக் கூடாது என்கிற சத்தியம் உனக்குத்தான், அவளுக்கு இல்லை.

அன்புடன்,
குணா


சூரமங்கலம்
8.4.2025

என் சாமிக்கு,

படம் வைத்திருக்கிறேன். மூக்கு நம் அம்மா மூக்கு, பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'மாமா' என்று நீ எழுதியிருந்ததை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் தம்பிக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறதே" என்றார். அவருக்கு அதற்குமேல் பேச வராது. ரயிலுக்கு அடியில் படுத்துப் பிரேக் பார்க்கிற மனுஷன், சந்தோஷத்தையும் அப்படி அடியில்தான் வைத்துக்கொள்வார்.

மண்ணைக் குழைத்து அட்டையில் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே நிறத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. காய்ந்தால் வெளுத்துப்போகிறது, மறுபடி நனைத்தேன். கடை சாத்துகிற வரைக்கும் துளி கறுப்பு, துளி மஞ்சள் என்று விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பெயிண்ட் எது மண் எது என்று அட்டையில் தெரியவில்லை. கலந்த நிறத்தை மிஷினில் ஏற்றும்போது அது ஒரு பெயர் கேட்கும். 'பொறந்த ஊடு' என்று போட்டேன். பக்கத்தில் இருந்த பையன் இதென்ன அக்கா கம்பெனி நிறமா என்றான். ஆமாம், பழைய கம்பெனி என்றேன்.

மயில்சாமி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் பார்த்துக்கொள். பிரைமரிலேயே பாதி நிறம் கலந்து கொடுத்திருக்கிறேன், வெள்ளைப் பிரைமர் மேல் இது மூடாது. எல்லா வாளியையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்க வேண்டும். ஈரத்தில் வெளிறித்தான் தெரியும், அப்பா பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால் பயப்படாதே, காய்ந்தால் நிறம் ஆழமாகிவிடும். முக்கியமானது ஒன்று. இதில் ஒட்டுப் போட முடியாது. ஓரிடத்தில் கறை பட்டது, சுரண்டிவிட்டது என்று அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் தேமல் மாதிரி காட்டிக் கொடுத்துவிடும்.

மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து எங்கள் சாமி அலமாரிக்கு உள்பக்கம் அடித்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் சுவரைத் தொடக் கூடாது, அலமாரியை யாரும் கேட்க மாட்டார்கள். விளக்கு வைத்தால் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

அப்பா கரை மேல் எடுக்கச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இணைச்சீர்க்காரிக்குப் புதுச் சேலை எடுப்பது வழக்கம் என்று எனக்காக எதுவும் எடுக்க வேண்டாம், அப்பாவுக்கு அது உறுத்தும். என்னிடம் அரக்கு நிறத்தில் கட்டாத சேலை ஒன்று இருக்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் பொருந்தும். நான் காலையில் வந்து சீர் முடிந்ததும் மத்தியானமே கிளம்பிவிடுகிறேன். அவரும் பாப்பாவும் நாமக்கல்லிலேயே இருந்துகொள்வார்கள். இதையும் அப்பாவிடம் சொல்.

உன் அக்கா,
நித்யா


மோகனூர்
4.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுவர் முடிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்தபோது ஹாலே வேறு வீடு மாதிரி இருந்தது. ரஞ்சிதா வீட்டார் வந்து பார்த்துவிட்டு எந்த என்ஜினியர் சொன்னது என்று கேட்டார்கள். அம்மா சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மழை பேஞ்ச காடாட்டவே இருக்குதப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வழக்கமாக வெளியே கட்டிலுக்குப் போவார். இப்போது அந்தச் சுவரைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

மற்றது எழுதக் கை வரவில்லை. இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் இலக்கியாவை உட்கார வைப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். சேலையும் எடுத்தாகிவிட்டது. நான் பேச்சை எடுத்தேன் அக்கா, எடுக்காமல் இல்லை. "அவ வந்தா நான் சபையில இருக்க மாட்டேன். அப்பன் வேணுமா அக்கா வேணுமான்னு நீயே பாத்துக்க" என்றார். அதோடு பேச்சை விட்டுவிட்டேன். அவருக்குச் சர்க்கரை வேறு ஏறிக்கிடக்கிறது.

நீ மனதைத் தளரவிடாதே. நீ கலந்த சுவருக்கு முன்னால்தானே நான் உட்காரப்போகிறேன். யார் பக்கத்தில் இருந்தாலும் எனக்கு நீ இருக்கிற மாதிரிதான். பார்க்கப்போனால் இலக்கியா செய்வதைவிட நீ செய்ததுதான் பெரிய சீர்.

அன்புடன்,
குணசீலன்


சூரமங்கலம்
9.5.2025

குணா,

கடிதம் கிடைத்தது. அந்தச் சுவருக்கு முன்னால் இலக்கியாவின் சேலை எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். பச்சை எடுத்திருந்தால் நன்றாக இருக்கும்.

சுவர் பெயிண்ட்தான் சாமி. அதற்குக் கை கிடையாது, தலைப்பைப் பிடிக்காது. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

இலக்கியா நல்ல பெண், என்மேல் வருத்தம் எதையும் வைத்துக்கொள்ளாதவள். தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல். நீ விட்டுவிட்டு ஓடுகிற ஆள் என்று அவளுக்குத் தெரியாது.

நீயும் ரஞ்சிதாவும் நன்றாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

அக்கா


மோகனூர்
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை, சாப்பாட்டைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இணைச்சீரின்போது, சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் சேலைத் தலைப்பை எடுத்து இலக்கியா கையில் கொடுத்தார். அம்மா அந்த நேரம் பார்த்து வெற்றிலை எடுத்துவருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள், சீர் முடிந்த பிறகுதான் வந்தாள். போட்டோவில் பார்த்தால் தெரியும், நான் மட்டும் சிரிக்காமல் இருக்கிறேன். போட்டோவில் அந்தச் சுவர் அவ்வளவு எடுப்பாக விழுந்திருக்கிறது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நீ இலேசில் ஆறமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் மனது ஆறட்டும் என்றுதான் ஒரு விஷயம் சொல்கிறேன், இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாமல் நடக்கவில்லை அக்கா. ஹாலுக்கு என்ன நிறம் என்று பேச்சு வந்த அன்றைக்கு அவர்தான் முதலில் சொன்னார். "கலரை அவகிட்டக் கேட்டுக்க, அதுல அவளுக்குத்தான் வெவரம். பேச வேண்டாம், எழுதிக் கேளு. ஊட்டுப் பக்கம் மட்டும் வரக் கூடாது" என்றார். மயில்சாமியை அனுப்பியதும் அவர்தான். மண் எதற்கு என்று அவர் கேட்காததும் அதனால்தான். அப்பா உன்னை மறக்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்மேல் மதிப்பு இல்லாவிட்டால் வீட்டு நடுச்சுவரை உன் கையில் கொடுப்பாரா?

இப்போது ஒரு உதவி. சீரன்றைக்கு யாரோ மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டுவிட்டார்கள். சுவரில் கீழே, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில், முழ நீளத்துக்குக் கறை. துடைக்கத் துடைக்கப் பளபளப்பாகி இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. அப்பா பார்த்துப் பார்த்து வருத்தப்படுகிறார். "அவகிட்டயே வாங்கிட்டு வந்து தொட்டு உட்ரு" என்கிறார். ஒரு லிட்டர் கலந்து மயில்சாமியிடம் கொடுத்துவிடு.

ரஞ்சிதா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவரையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குணசீலன்


சூரமங்கலம்
27.6.2025

தம்பி குணசீலனுக்கு,

ரஞ்சிதாவுக்கு என் அன்பைச் சொல். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான், அவளுக்கு நல்ல கண் இருக்கிறது.

ஒரு லிட்டர் போதாது. ஒட்டுப் போட்டால் தெரியும் என்று ஏப்ரலிலேயே எழுதியிருந்தேன். மூலையிலிருந்து மூலை வரை சுவர் முழுவதும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய அளவு கலந்து மயில்சாமி அண்ணன் வண்டியில் ஏற்றியிருக்கிறேன். கறை பட்ட இடத்தில் முதலில் பிரைமர் வைக்கச் சொல், இல்லாவிட்டால் மஞ்சள் மேலே கசியும். கலவை விவரத்தை வாளி மூடியில் ஒட்டியிருக்கிறேன். அதைக் காட்டினால் நாமக்கல்லில் இதே கம்பெனிச் சரக்கு விற்கிற எந்தக் கடையிலும் கலந்து கொடுப்பார்கள். இதற்காக இனி யாரையும் சேலத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை.

அப்பாவுக்குத் தெரியும் என்பதைப் படித்தால் என் மனது ஆறும் என்று நினைத்திருக்கிறாய். உன் முதல் கடிதத்தை நான் பீரோவில் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்தேன். பயந்த பிள்ளை, அப்பாவுக்குத் தெரியாமல் அக்காவுக்கு எழுதியிருக்கிறது என்று அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அந்தத் தைரியத்தைத்தான் நம்பினேன். அதை நம்பித்தான் சேலையைக்கூட இஸ்திரி போட்டு வைத்தேன். அந்தச் சந்தும் அப்பா திறந்துவிட்டதுதான் என்று இப்போது சொல்கிறாய்.

என்னை வேண்டாம் என்று ஒதுக்கிய அப்பாவோடு வாழ இந்த நாலு வருஷத்தில் ஒருவழியாகப் பழகியிருந்தேன். என் கை வேலை வீட்டுக்குள் வரலாம், நான் வரக் கூடாது என்று கணக்காகப் பிரித்து எடுத்துக்கொள்கிற அப்பாவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அப்பா கேட்டாரென்று நீ நேராகச் சொல்லியிருந்தால் அட்டையில் இருக்கிற ஏதாவது ஒன்றைக் காட்டி அனுப்பியிருப்பேன், வியாபாரமாகப் போயிருக்கும். மேட்டுக்காட்டு மண்ணை நான் கேட்டிருக்கக் கூடாது. அந்த ஒன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்றைக்குக் கலந்து முடித்த பிறகு மிஷினில் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். எண் மட்டும் இருக்கிறது. இனி அது கடை நிறம், யார் கேட்டாலும் கொடுப்போம். சாமி அலமாரியில் அடித்ததை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

அம்மா வெற்றிலை எடுக்க எழுந்து போனதை எழுதியிருந்தாயே, அதற்காக உனக்கு நன்றி. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இனிமேல் எழுதாதே குணா. கோபத்தில் சொல்லவில்லை. நீ எழுத எழுத நான் பதில் எழுதிக்கொண்டே இருப்பேன், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதையும் அனுமதித்துக்கொண்டே இருப்பார். கற்பூரத்தை அணைத்தவன் நீ. அதை என்ன செய்வது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். என்றைக்காவது முடிவு செய்தால் கிளம்பி வா. ஜங்ஷனில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். கடை ஒன்பதரைக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை. கல்லாவுக்கு இடது பக்கம் கலர் மிஷின். நான் அங்கேதான் நிற்பேன்.

நித்யஸ்ரீ